ஒற்றைச் சக்கரத்தில் ஓர் இரவுப் பிரயாணம்

வழக்கமான ஒற்றைச் சக்கர சைக்கிளில் சங்கிலி கிடையாது. பெடல்களைத் தாங்கும் கிராங்குகள் சக்கரத்தின் அச்சிலேயே நேராக இறுகியிருப்பதால், கால் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றும். கால் நின்றால் சக்கரமும் நின்றுவிடும். சாதாரண சைக்கிளில் இறக்கம் கண்டதும் காலை ஓயவிட்டுக் காற்று வாங்கியபடி உருண்டு போகிறோமே, அந்தச் சுகம் இதில் இல்லை. ஹேண்டில்பார் இல்லாததால் கைக்குப் பிடிமானம் இல்லை. இன்னொரு சக்கரம் இல்லாததால் சாமான் வைக்கக் கேரியரும் இல்லை. இத்தனை இல்லாமைகளோடு கூடிய ஒரு வாகனத்தில் ஏறி, உண்பதற்கும் உறங்குவதற்கும் வேண்டியவற்றைத் தாமே சுமந்துகொண்டு, இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரில் இரவைக் கழித்து மறுநாள் வீடு திரும்புவது நடக்கக்கூடிய காரியந்தானா என்று கேட்டால், நடக்கும் என்பதோடு, கப்பலூரைச் சுற்றிய மதுரைச் சமவெளி அதற்கு மிகவும் இசைந்த பிரதேசம் என்பதும் என் திடமான அபிப்பிராயம். ஆனால் கடையிலிருந்து வந்த நிலையிலேயே அந்த வாகனம் இந்தக் காரியத்துக்கு உதவாது. அதைப் பிரயாணத்துக்குத் தக்கபடி சித்தம் செய்துகொள்ள வேண்டும்.

இதை ஒரு வாகனமாக நாம் மதித்ததில்லை. சர்க்கஸ் கூடாரத்துக்குள் பந்துகளை வீசிப் பிடித்துக்கொண்டே வட்டமிடும் வித்தைக்காரர் ஏறுகிற சாதனம் என்றே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். சைக்கிளையே வித்தையாகக் காட்டிய மரபும் நம்மிடம் உண்டு. ஊர்ப் பொட்டலில் குழல்விளக்குக் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, இரவும் பகலுமாகப் பல நாள் சைக்கிளைவிட்டுக் கீழே இறங்காமல், குளிப்பதும் உண்பதும் அதன் மேலேயே என்று சுற்றிச் சுற்றி வந்த கலைஞர்களைக் கண்டவர்கள் இன்றும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். அந்தக் கலைஞர்களின் உடலுறுதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் வட்டத்துக்குள் சுழல்வது ஒன்று, ஊர்விட்டு ஊர் போவது வேறொன்று. இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியைச் சேர்ந்த எட் பிராட் என்னும் இளைஞர், துணை வண்டி எதுவும் உடன்வராமல், 36 அங்குல ஒற்றைச் சக்கரத்தின் ஃபிரேமில் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு 2015 மார்ச்சில் புறப்பட்டு, ஐரோப்பாவையும் மத்திய ஆசியாவையும் சீனாவையும் ஆஸ்திரேலியாவையும் அமெரிக்காவையும் கடந்து 2018 ஜூலையில் வீடு திரும்பினார். அவர் கடந்த தூரம் ஏறக்குறைய 21,000 மைல். உலகத்தைச் சுற்றிவரப் போதுமான ஒரு சாதனம் திருமங்கலம் தாலுகாவைத் தாண்டிப் போய்வரப் போதாதா?

உண்மையில் அவருடைய யாத்திரைக்கு ஒரு பழைய முன்னோடியும் உண்டு. சங்கிலி வைத்த சைக்கிள் பரவுவதற்கு முன்னால், முன்சக்கரம் மிகப் பெரியதும் பின்சக்கரம் மிகச் சிறியதுமாக ஒரு சைக்கிள் வழங்கியது. அதிலும் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. அதை ஓட்டியவர்கள் சின்னஞ்சிறு பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பிய பிறகும் தாம் விழாமல் போக முடிவதைக் கண்டதிலிருந்துதான் ஒற்றைச் சக்கர சைக்கிள் பிறந்தது என்பது பலர் ஒப்பும் வரலாறு. அந்த உயரச் சைக்கிளில் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவை அடைந்தார். வழியில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டுப் பெருவழியிலும் ஓட்டிச் சென்றார். புறப்படும்போது அவர் எடுத்துக்கொண்டவை சில காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்படக்கூடிய மழைக்கோட்டு ஒன்று. துப்பாக்கி நமக்கு வேண்டியதில்லை. ஆனால் ஒரே பொருளை மூன்று காரியத்துக்கு உபயோகித்த அந்த மழைக்கோட்டை, மூட்டை கட்ட உட்காரும் ஒவ்வொருவரும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

சங்கிலியும் பல்சக்கரமும் இல்லாத இடத்தில் சக்கரத்தின் அளவே கியர் ஆகிறது. ஓட்டக் கற்பதற்கென்று விற்கப்படும் 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் முன்னேறும். 24 அங்குலம் 1.9 மீட்டர், 36 அங்குலமோ 2.87 மீட்டர். முதலாவதில் ஒரு கிலோமீட்டர் போக 600க்கு மேற்பட்ட தடவை காலைச் சுற்ற வேண்டியிருக்க, கடைசியில் சொன்னதில் 350 தடவை போதும். நிமிஷத்துக்கு 90 சுற்று என்று மிதித்தால் பெரிய சக்கரம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 2007 செப்டம்பரில் வேல்ஸ் நாட்டில் சாம் வேக்லிங் என்பவர் 24 மணி நேரத்தில் 453 கிலோமீட்டர் ஓட்டியதும் 36 அங்குலச் சக்கரத்தில்தான். ஆகவே வெளியூர்ப் பிரயாணத்துக்கு அதுவே உத்தமம். கிடைக்காதவர்கள் 29 அங்குலத்தோடு திருப்தி அடையலாம். 24 அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் பிரயாணம் தண்டனையாகிவிடும்.

கிராங்கின் நீளத்தைப் பற்றி ஓட்டுகிறவர்களிடையே ஓயாத விவாதம் உண்டு. குட்டையான கிராங்கில் கால் சிறிய வட்டமிடுவதால் வேகம் எளிதில் வரும். நீண்ட கிராங்கில் நெம்புகோலின் பலம் கூடுவதால் ஏற்றமும் நிறுத்தமும் வசப்படும். சுமையில்லாமல் சமதரையில் ஓட்டுகிறவர் 125 மில்லிமீட்டரிலேயே சுகம் காணலாம். சுமையோடு ஏறி இறங்கப் போகிறவருக்கு நான் 150ஐத்தான் சொல்வேன். 127க்கும் 150க்கும் தனித்தனியாக இரண்டு துளைகள் கொண்ட கிராங்குகளும் உண்டு. பெடலைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டிக்கொள்ள ஒரு ஸ்பேனர் போதும். மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலப்பெடலின் மரை எல்லா மரைகளையும் போல வலஞ்சுழியாக இறுகும். இடப்பெடலின் மரை எதிர்ச்சுழியானது. மிதிக்க மிதிக்க இரண்டும் இறுகும்படி செய்த ஏற்பாடு இது. முன்பின் பார்ப்பதற்கு ஒன்றுபோலிருக்கும் இந்த வாகனத்தில் சீட்டைத் திருப்பி மாட்டி ஓட்டினால், மிதிக்க மிதிக்க இரண்டு பெடலும் தளர்ந்து, நடுவழியில் மரையோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கிராங்கிலும் பெடலிலும் பொறித்திருக்கும் இடம், வலம் என்ற குறியைப் பார்த்துக்கொண்டே பூட்ட வேண்டும்.

இனிச் சீட். நெடுந்தூரம் போக ஆசைப்பட்டுப் பாதியில் கைவிட்டவர்களுடைய கதைகளில் கால் வலியைவிடச் சீட்டு வலிதான் அதிகமாகக் கேட்கும். சைக்கிளில் உடம்பின் பாரம் சீட்டுக்கும் பெடலுக்கும் ஹேண்டில்பாருக்கும் பங்கிடப்படுகிறது. இதில் ஏறக்குறைய முழுவதும் சீட்டின் மேலேயே இறங்குகிறது. அதோடு, கால் ஓயாமல் சுற்றுவதால் தொடையின் உட்புறம் ஓயாமல் உராய்கிறது. இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. சீட்டின் உறையைப் பிரித்து, பஞ்சுக்குப் பதிலாகச் சிறிய டியூப் ஒன்றை மடித்து வைத்து அளவாகக் காற்றடைப்பது ஒன்று. அது உடம்பின் வடிவத்துக்கு இசைந்து கொடுக்கும். சீட்டின் முன்முனையிலிருந்து ஒரு குழாயை நீட்டி, அதன் நுனியில் குறுக்குப்பிடி ஒன்றைப் பொருத்துவது மற்றொன்று. அந்தப் பிடி திருப்புவதற்காக அன்று. திரும்புவது இடுப்பின் காரியம். இரு கையாலும் அதை ஊன்றிக்கொள்ளும்போது பாரத்தில் ஒரு பங்கு கைக்கு மாறுகிறது, முதுகு சற்று முன்னே சாய்ந்து காற்றின் எதிர்ப்புக் குறைகிறது, மேடுபள்ளத்தில் சீட் நழுவாமலும் இருக்கிறது. சீட்டின் முனை சற்று மேல்நோக்கி இருக்கட்டும். இவ்வளவு செய்த பிறகும், ஆறேழு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது தூரம் தள்ளிக்கொண்டு நடப்பவரே மறுநாளும் ஏறி உட்காரக்கூடியவர்.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சமவெளியில் காலே பிரேக். ஆனால் ரயில்வே மேம்பாலத்திலிருந்து சுமையோடு இறங்கும்போது முழங்காலைக் காப்பதற்கு, சீட்டின் அடியில் விசை வைத்த பிரேக் ஒன்று இருப்பது நல்லது. அதை மெதுவாக உரசவிட வேண்டும். சடக்கென்று பிடித்தால் சக்கரம் நிற்கும், ஓட்டுகிறவர் முன்னால் போய் விழுவார்.

எல்லாவற்றிலும் அதிக ஆலோசனை தேவைப்படுவது சாமானை எங்கே கட்டுவது என்ற விஷயம். முதுகுப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டால் போயிற்று என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் முதுகில் ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் ஓட்டுகிறவருடைய இடுப்பெலும்பின் வழியாகவே சீட்டில் இறங்கி, ஏற்கெனவே நொந்திருக்கிற இடத்தை மேலும் நோகச் செய்கிறது. அதே கிலோவை ஃபிரேமில் கட்டினால், அது உடம்பைத் தொடாமலே ஃபோர்க் வழியாக அச்சுக்குப் போய்த் தரையில் சேர்ந்துவிடுகிறது. முதுகு வியர்ப்பதும் குறைகிறது. பளுவான பொருளெல்லாம் ஃபிரேமுக்கு, முதுகுக்கு ஒன்றுமில்லாமலிருந்தால் நல்லது என்பதே நான் வற்புறுத்துகிற முறை.

இதற்கான சட்டம் நம் சைக்கிள் கடைகளில் விலைக்குக் கிடைப்பதில்லை, செய்வித்துக்கொள்ள வேண்டியதுதான். 1936இல் கருமுத்து தியாகராசர் தொடங்கிய பஞ்சாலையாலும், பின்னர் வந்த சிட்கோ தொழிற்பேட்டையாலும் பட்டறை வேலைக்குப் பேர்பெற்ற கப்பலூரில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய காரியமல்ல. ஃபோர்க்கின் காலில் வெல்டிங் வைக்கச் சம்மதிக்கவே கூடாது. மெல்லிய குழாய் சூட்டில் பலம் இழந்து, பிறகு ஒரு பள்ளத்தில் விரிந்துவிடும். ஓர் அங்குல அகலமுள்ள அலுமினியப் பட்டையைக் காலைச் சுற்றி வளைத்து, இடையில் பழைய டியூபை வெட்டி மெத்தையாக வைத்து, இரண்டு போல்ட்டால் இறுக்கினால் அதுவே நல்ல கிளாம்ப். இடக்காலில் மேலும் கீழுமாக இரண்டு, வலக்காலில் இரண்டு. அவற்றிலிருந்து முன்னும் பின்னும் நீளும் சிறு கம்பிச் சட்டங்களில், ஓட்டுகிறவரின் காலுக்கு முன்னே ஒரு ஜோடிப் பையும் பின்னே ஒரு ஜோடிப் பையும் சக்கரத்தை ஒட்டித் தொங்கும். நடுவில் கால் ஏறி இறங்கும் இடத்தைச் சுத்தமாக விட்டுவிட வேண்டும். பைக்கும் ஸ்போக்ஸ் கம்பிகளுக்கும் இடையே ஒரு தகடோ குறுக்குக் கம்பியோ கட்டாயம் வேண்டும். ஒரு வார் அவிழ்ந்து கம்பிக்குள் சிக்கினால் சக்கரம் அந்த நிமிஷமே நின்றுவிடும். காவடியின் இரு முனையையும் போலப் பாரம் முன்னும் பின்னும் ஒத்திருப்பது முக்கியம். முன்பாரம் கூடினால் சீட்டின் முனை ஓயாமல் கீழே இழுக்கும். பின்பாரம் கூடினால் ஒவ்வொரு மிதிக்கும் முன்னால் குனிய வேண்டிவரும். ஒருபக்கம் கூடினால் வண்டி அந்தப் பக்கமே ஒதுங்கும். வழியில் ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டால், எதிர்ப்பைக்குள் இருக்கும் போத்தலை எடுத்து இடம் மாற்றிக்கொள்ளவும் மறக்கக்கூடாது.

பையில் போவது என்ன? நம் சமவெளியில் மார்கழி இரவும் அப்படியொன்றும் நடுக்குவதில்லை. மேல்நாட்டார் சுமக்கும் கனத்த படுக்கைப் பையும் அடுப்பும் இங்கே வேண்டாத பாரம். விரிக்கவும் மழைக்கு மறைக்கவும் ஒரு மெல்லிய தார்ப்பாய், ஒரு போர்வை, கொசுவலை, மாற்றுத்துணி, டார்ச்சு விளக்கு, பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, ஸ்பேனர்கள், காற்றடிக்கும் பம்ப், இரண்டு லிட்டர் தண்ணீர், இலையில் கட்டிய புளியோதரை. தண்ணீர் உட்பட ஆறு கிலோவுக்குள் அடக்கிவிடலாம். கொசுவலையை மட்டும் பாரம் கருதி விட்டுவிட வேண்டாம். கண்மாய்க் கரையில் அது இல்லாத இரவு உறக்கமில்லாத இரவு, உறங்காதவருக்கு மறுநாள் சமநிலை கிட்டாது.

பஞ்சர் சாமானைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்தப் பக்கத்துச் சாலையோரமெல்லாம் சீமைக்கருவேலம். விறகு ஏற்றிப்போகும் வண்டியிலிருந்து உதிரும் ஒரு முள் போதும். 36 அங்குல டியூப் வழியிலுள்ள எந்தக் கடையிலும் கிடைக்காது. உதிரி ஒன்று வேண்டுமானால் 29 அங்குல டியூபை வைத்துக்கொள்ளலாம். சற்றே இழுத்துப் பொருத்தினால் உழைக்கும். ஆனால் டியூபையே மாற்ற வேண்டுமென்றால் ஃபோர்க்கின் அடியில் பேரிங்கைப் பிடித்திருக்கும் மூடிகளைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே எடுக்க வேண்டிவரும். ஒட்டுவதென்றால் அது வேண்டாம். டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி உலரவிட்டு, பேட்ச் வைத்து அழுத்தினால் கால்மணியில் காரியம் முடியும். டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளின் நுனியை எடுத்த பிறகே டியூபைத் திணிக்க வேண்டும். காற்று 50 பவுண்டு அளவில் விறைப்பாக இருக்கட்டும். காற்றுக் குறைந்த டயர், நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும் நம் சாலைகளில் ஒருபக்கமாகவே இழுத்து இடுப்பை ஓயச் செய்துவிடும்.

பேரிங் மூடியைத் திரும்பப் பூட்டும்போது பலம் காட்டக்கூடாது. சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் அது நெடுநேரம் ஓடித் தானே அடங்க வேண்டும். உடனே நின்றால் மூடி அதிகமாக இறுகியிருக்கிறது, கடகடவென்று ஆடினால் தளர்ந்திருக்கிறது.

வாகனம் தயாரானதும் ஊரைவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். சுவரையோ கம்பத்தையோ பிடிக்காமல், நடுச்சாலையில் நின்ற இடத்திலிருந்தே ஏறத் தெரிய வேண்டும். வெறும் சக்கரத்தில் அது கைவந்தவருக்கும் பை கட்டிய பிறகு மறுபடியும் கற்க வேண்டியதாகவே இருக்கும். ஏனெனில் குதித்தேறும் கணத்தில் வண்டியை உந்துவதற்கு வேண்டிய பலம் மாறிவிடுகிறது. பைக்கொரு தண்ணீர்ப் போத்தல் வைத்து, நாளுக்கு நாள் ஒன்று கூட்டி, தொழிற்பேட்டைச் சாலைகள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பழகுவது நலம்.

கப்பலூரிலிருந்து முதல் பிரயாணத்துக்கு நான் சொல்லக்கூடிய ஊர் தே.கல்லுப்பட்டி. திருமங்கலம் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டரை ஒட்டிய தூரம்; பெரிய சக்கரத்தில் ஏறக்குறைய 9,000 சுற்று. சுங்கச்சாவடியைக் கடந்து கன்னியாகுமரி நோக்கிப் பாயும் நான்குவழிச் சாலையில் ஏறவே கூடாது. லாரி ஒன்று ஒதுங்கிக் கடக்கும்போது முதலில் தள்ளிப் பிறகு இழுக்கும் காற்றுக்கு ஒற்றைச் சக்கரம் தாங்காது. சர்வீஸ் ரோட்டிலேயே திருமங்கலம் சேர்ந்து, அங்கிருந்து தென்மேற்கே கொல்லம் போகும் சாலையின் பக்கமாக, ஊர்களின் ஊடே செல்லும் பழைய பாதைகளை நாடவேண்டும். இருபுறமும் கரிசல் காடு, பருத்தியும் சோளமும். பெரிய ஏற்றம் என்று ஒன்றும் இல்லை. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. நிலைத்த பொருளாதாரம் என்பதைப் பற்றி 1945இல் நூல் எழுதிய ஜே.சி.குமரப்பா, 1960இல் காலமாவதற்கு முன் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஊர் அது. எரிபொருள் எதுவும் வேண்டாத ஒரு சக்கரத்தில் அந்த ஊருக்குப் போய்ச் சேர்வது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

காலத்தையும் பார்த்துக் கிளம்ப வேண்டும். ஆடியில் தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும். போகிற வழி முழுவதும் அதோடு மல்லுக்கட்ட நேரும். ஐப்பசி கார்த்திகையில் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு ஃபோர்க்கின் கவட்டில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். சித்திரை வைகாசி வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை, மாசிதான் தகுந்த காலம். அப்போது வாடைக்காற்று போகும்போது முதுகைத் தள்ளும், வரும்போது எதிர்க்கும். ஆகையால் திரும்பும் நாளில் காற்று எழுவதற்கு முன், விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

வழியில் டீக்கடை தவறாமல் உண்டு, அங்கே நிறுத்தினால், "மத்த சக்கரத்த எங்க விட்டுட்டு வந்தீக, தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்பார். "இதுக்கு ஒரு சக்கரந்தாங்கய்யா" என்று நின்று நிதானமாக விளக்குவது பிரயாணியின் கடமை. இரவு எங்கே தங்கலாம் என்று அதே பெரியவர்தாம் சொல்லப்போகிறார். பொழுது சாய்வதற்குள் ஊரை அடைந்து, கோயில் மண்டபமோ பள்ளித் திண்ணையோ பெட்ரோல் பங்கோ எதுவாயினும் உரியவரிடம் கேட்டு அனுமதி பெற்றுப் படுப்பதே முறை. கேளாமல் படுத்தால் நடுநிசியில் எழுப்பப்படுவது நிச்சயம். பைகளைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டு, சக்கரத்தைத் தூணோடு பூட்டிவிடலாம்.

காலையில் ஏறுவதற்கு முன் கிராங்கு போல்ட் இரண்டையும் ஸ்பேனர் வைத்து ஒருமுறை இறுக்க வேண்டும். புதிய கிராங்கு முதல் ஐம்பது கிலோமீட்டரில் அச்சில் இன்னும் கொஞ்சம் உட்காரும். அப்படி உட்கார்ந்த பிறகு இறுக்காமல் ஓட்டினால் துளை உருண்டு வீணாகிவிடும். அதன் பின் கிளாம்ப் போல்ட், சீட்டின் அடியிலுள்ள நான்கு போல்ட், பெடல். கல்லுப்பட்டிப் பிரயாணம் இரண்டு மூன்று தடவை உபத்திரவமில்லாமல் முடிந்தால், அதே சாலையில் மேலும் தென்மேற்காகக் கிருஷ்ணன்கோயிலையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் நோக்கி இரண்டு இரவுப் பிரயாணத்துக்குத் திட்டமிடலாம். அதற்கு மேலும் ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு மாற்றுத்துணியும் சேர்ந்தால் போதும்.